‘நன்றி’ என்ற சொல்லை வைத்து ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடும் முறை

அன்பு, மானம், உரிமை, கவலை மாதிரியான பண்புப்பெயர் ஒன்றை ஆராய உட்காருபவர்கள் பெரும்பாலும் அகராதியைத் திறந்து முதல் பொருளை எழுதிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் பொருள் என்பது வாசல்தான். உள்ளே போக இரண்டு வாரம் நூல்களுக்கு, இரண்டு வாரம் காதால் கேட்பதற்கு, ஒரு வாரம் எழுதுவதற்கு ஒதுக்குங்கள். நாற்பது குறிப்பு அட்டைகளும் ஒரு கைப்பேசியும் போதும். இங்கே ‘நன்றி’யை எடுத்துக்கொள்வோம். தினமும் சொல்லும் சொல் என்பதால், அதன் பழைய பொருள் நம் கண்ணில் படுவதே இல்லை.

அகராதிகளை வயது வரிசையில் பாருங்கள். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732. வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992. எந்தப் பொருள் எந்த அகராதியில் முதலில் வருகிறது, எது பின்னால் தள்ளப்படுகிறது என்று குறித்தாலே பாதிக் கதை கிடைத்துவிடும். லெக்சிகனும் பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. அச்சுப் பிரதியில் தேடினால் ‘ந’ வரிசையின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ‘ன்’ நம் நெடுங்கணக்கின் கடைசி எழுத்து என்பதால் ‘நன்றி’ ‘நா’வுக்குச் சற்று முன்னால்தான் வரும்.

லெக்சிகனில் பொருளை விட அதன் பக்கத்தில் உள்ள அடைப்புக்குறி முக்கியம். அதில் நூலின் சுருக்கப் பெயரும் பாட்டு எண்ணும் இருக்கும். அந்தப் பாட்டை எடுத்து முழுதாகப் படிக்காமல் அட்டையில் எழுதாதீர்கள். அடைப்புக்குள் டபிள்யூ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் அந்தப் பொருள் வின்சுலோவிடமிருந்து வந்தது, இலக்கியச் சான்று காட்டப்படவில்லை என்று கொள்ளுங்கள்.

இனி அட்டை. ஒரு அட்டைக்கு ஒரே ஒரு மேற்கோள். மேலே வரி, நூல், எண். கீழே அந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வரும் வினைச்சொல். இந்த இரண்டாவது வரியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் பொருள் மாற்றத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். திருக்குறளில் மட்டும் பாருங்கள்: ‘தினைத்துணை நன்றி செயினும்’ (104), ‘நன்றி மறப்பது’ (108), ‘நன்றி பயவா வினை’ (652). நன்றியைச் செய்கிறார்கள், மறக்கிறார்கள், ஒரு செயல் நன்றியைப் பயக்கிறது. சொல்வதாக இந்த மூன்று இடத்திலும் இல்லை. இன்றைய அட்டைகளிலோ சொல்லுதல், தெரிவித்தல், கூறுதல்தான் நிறைந்திருக்கும். அன்று நன்றி என்பது செய்த உதவி, விளைந்த நன்மை. ‘நல்’ என்ற அடியில் பிறந்து நன்மை, நலம், நன்று ஆகியவற்றோடு உறவு கொண்ட சொல் அது. கொடுப்பவர் கையில் இருந்த சொல், காலப்போக்கில் வாங்குபவர் வாய்க்கு வந்துவிட்டது.

அடிக்கடி நேரும் பிழையும் இங்கேதான். 108ஆம் குறளை இன்றைய பொருளோடு படித்து, நன்றி சொல்ல மறக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு விளக்குகிறோம். மறக்கக் கூடாது என்று வள்ளுவர் சொல்வது ஒருவர் செய்த உதவியை. சந்தேகம் வந்தால் பழைய உரையைத் திறந்து பாருங்கள். ‘எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு’ (110) என்ற குறளில் முதல் நன்றிக்குப் பரிமேலழகர் ‘பெரிய அறங்கள்’ என்றே பொருள் எழுதுகிறார். ஒரே குறளுக்குள் ஒரே சொல் இரண்டு பொருளில் நிற்கிறது. இதே கருத்தைப் புறநானூறு 34ஆம் பாட்டு ‘செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’ என்கிறது. அங்கே ‘செய்தி’ என்றால் செய்த நன்மை! ஆகவே உங்கள் சொல்லை மட்டும் தேடினால் போதாது, அந்த இடத்தில் வேறு எந்தச் சொல் நின்றது என்பதற்கும் ஓர் அட்டை போடுங்கள்.

கணினியில் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. சொல் சொல்லாக இல்லாமல் பாட்டின் சீர்களாகப் பிரித்த பதிப்புகளில் மேற்சொன்ன புறநானூற்று வரி ‘கொன்றோர்க் குய்தி யில்லென’ என்று கிடக்கும். ‘உய்தி’ என்று தேடினால் அகப்படாது. உயிரெழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லுக்கும் இதே கதிதான். அன்பு ‘மன்பு’ ஆகிவிடும், அறம் ‘யறம்’ ஆகிவிடும். முதல் எழுத்தை விட்டுவிட்டு ‘ன்பு’, ‘றம்’ என்று தேடுங்கள். அறம், அறன் இரண்டையும் தேடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் னை, ணை, லை ஆகியவற்றின் வடிவமே வேறு. அதனால் நினைவு, துணை, கவலை போன்ற சொற்களை எழுத்துணரி (அச்சுப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) தவறவிடும், பக்கத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சொல்லை அசை அசையாக உடைத்து அழகான பொருள் கற்பிக்கும் மேடை விளக்கங்களை அட்டையில் ஏற்றாதீர்கள். எந்த நூலில் எந்த வரியில் அப்படி வழங்கியது என்று காட்ட முடியாவிட்டால் அது ஆதாரம் ஆகாது. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியமே எச்சரித்திருக்கிறது.

நம் மலேசிய வழக்குக்கு, கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் தொடங்குங்கள். வெளியார் நுழைவது பற்றியும் பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்) பற்றியும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற ஏட்டில் தலையங்கத்தை விட வாசகர் கடிதமும் மரண அறிவித்தலும்தான் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பத்து ஆண்டுக்கு ஓர் இதழ் என்று எடுத்தாலே போக்கு தெரியும்.

பக்கத்து மொழிகளையும் விடாதீர்கள். மலாய்க்காரர் நன்றி தெரிவிக்கச் சொல்லும் தெரிமா காசேயில் தெரிமா என்றால் பெறுதல், காசே என்றால் அன்பு. ஹுத்தாங் பூடி நம் நன்றிக்கடனேதான். அந்தப் பூடி சமஸ்கிருத ‘புத்தி’. தமிழில் அறிவாக நின்றது மலாயில் நல்லெண்ணமாகவும் உதவியாகவும் ஆகிவிட்டது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் கேட்டால் ‘ஜஸாக்கல்லாஹு கைரன்’ என்பார். இறைவன் உங்களுக்கு நன்மையைக் கூலியாகத் தரட்டும் என்று பொருள். பழைய ‘நன்றி’யின் அதே நன்மை!

அடுத்த இரண்டு வாரம் காதுக்கு. சொல் காதில் விழும்போதெல்லாம் யார், யாரிடம், எதற்காக, என்ன பதில் என்று நான்கு விவரம் குறியுங்கள். சொல்லாமல் விட்ட இடங்களையும் எழுதுங்கள், அவைதான் அதிகம் பேசும். கடையில் தேங்க்ஸ், அரசு அலுவலகத்தில் தெரிமா காசே, விழா மேடையில் நன்றியுரை, அம்மா சோறு போடும்போது மட்டும் எதுவுமே இல்லை என்று ஒரு வரைபடம் உருவாகும்.

பெரியவர்களிடம் ‘நன்றின்னா என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். நிகழ்ச்சியைக் கேளுங்கள்: “பாட்டி, தோட்டத்துல இருந்தப்ப உங்களுக்கு யாராச்சும் பெரிய உதவி செஞ்சாங்களா? அப்ப அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?” இருபது நிமிடம் பதிவு செய்தால் எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். காற்றாடிக்கு நேர் கீழே கைப்பேசியை வைத்தால் இரைச்சலில் பாதிச் சொல் போய்விடும், ஒரு துண்டின் மேல் அவர் பக்கமாக வையுங்கள். ‘செஞ்சத மறக்க முடியாதுப்பா’ என்று சொன்னதை ‘செய்ததை மறக்க இயலாது’ என்று திருத்தாதீர்கள். ‘நல்லா இரு சாமி’ என்று அவர் வாழ்த்தியதைச் சொன்னால் அதற்குத் தனி அட்டை போடுங்கள். நன்றி என்ற சொல்லே இல்லாமல், அதன் ‘நல்’ அங்கே உயிரோடு இருக்கிறது.

கடைசி வாரம் அட்டைகளைக் கால வரிசையில் தரையில் பரப்பி, உங்கள் வீட்டு வழக்கு எந்த நூற்றாண்டு அட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது என்று பாருங்கள். அதையே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நூல் சொன்னதையும் நீங்கள் ஊகித்ததையும் வேறு வேறு நிற மையில் எழுதினால் பிறகு குழப்பம் வராது. பேசிய பெரியவருக்கு அதை வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். அவருடைய வயதும் வளர்ந்த ஊரும் இருந்தால் போதும், பெயர் தேவையில்லை.