சினைப்பர் வரும் கதையைப் பிழையில்லாமல் எழுத

மாதத்துக்கு ஒரு கதையாவது திருத்தத்துக்கென்று என் வீட்டுக்கு வந்து சேர்கிறது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போருக்குப் பின் வளர்ந்த பிள்ளைகள். நான் யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் ஓய்வில் இருக்கும் பௌதிக ஆசிரியன். இலக்கியக்காரன் என்ற பழி இதுவரை என்மேல் விழுந்ததில்லை. ஆனாலும் கதையில் சினைப்பர், அதாவது தூரத்தில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவன், வந்துவிட்டால் ‘மாஸ்டரிடம் கொடு’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பத்துக் கதையில் எட்டில் வரும் வரிகள் இவை: ‘டுமீல் என்று சத்தம் கேட்டது. அவன் திரும்பினான். மறுகணம் நெற்றியில் குண்டு பாய்ந்தது.’ நானும் ஒருமுறை இப்படித்தான் எழுதினேன். அதை வாசித்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர், ரியூப்புக்கு ஒட்டுப் போட்டபடியே, ‘சத்தம் கேட்டவன் தப்பினவன் அல்லவா, மாஸ்டர்?’ என்றார். பௌதிகம் படிப்பித்தவனுக்கு வந்த வெட்கத்தை விடுங்கள். நம் வாசகர்களில் பாதிப்பேர் இந்த ஓசைகளைக் காதால் கேட்டவர்கள். அவர்களிடம் இந்த வரி செல்லாது.

ஆகவே முதல் வேலை, பேனாவை வைத்துவிட்டுப் பண்ணைக் கடற்கரைக்குப் போவது. கோட்டைப் பக்கம் நின்று கடலைப் பாருங்கள். மீன்பிடிக்கும் சிறகுவலைக்குத் தடி ஊன்றுகிற ஒருவர் எப்படியும் அகப்படுவார். தடியின் தலையில் அவர் அடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஓசை பிறகு வரும். அடி விழுந்ததும் எண்ணத் தொடங்குங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடுகிறது. இரண்டு வினாடி என்றால் அவர் 700 மீற்றரில் நிற்கிறார். இப்போது அவருடைய முகத்தைப் பாருங்கள். தெரியாது. சாரமா காற்சட்டையா என்பதே சந்தேகம். மத்தியானம் என்றால் கானலில் ஆளே நெளிவார். உங்கள் கதாபாத்திரம் பார்க்கும் உலகம் இதுதான். இதைப் பார்க்காமல் ‘ஒரு கிலோமீற்றர் தூரத்தில்’ என்று எழுதாதீர்கள்.

இனிக் கணக்கு. சினைப்பர்களுக்கென்று செய்த திராகுனோவ் றைபிளில் இருந்து சன்னம் (துப்பாக்கிக் குண்டு) வினாடிக்கு 830 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. காற்று அதை இழுத்துப் பிடிப்பதால் 800 மீற்றரைக் கடக்க ஒன்றரை வினாடியளவு செல்லும். றைபிளின் ஓசைக்கு அதே தூரத்துக்கு 2.3 வினாடி வேண்டும். முக்கால் வினாடி இடைவெளி. ஒரு நல்ல கதையாசிரியருக்கு அது தாராளமான இடம். ஒலியை முந்தி வரும் சன்னத்துக்கு அதற்கேயான ஓசை ஒன்றும் உண்டு. சவுக்கை வீசியதுபோல, கடந்து போகும்போதே ‘சடக்’ என்று கேட்கும். ‘தொம்’ என்ற வெடியோசை பின்னால் வருவது. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டையும் கேட்பார்கள். திசையைச் சொல்வதிலும் தடுமாறுவார்கள், ஏனென்றால் முதல் ஓசை றைபிளில் இருந்து வந்தது அல்ல.

துப்பாக்கியின் பெயர் தெரியாவிட்டால் ‘றைபிள்’ என்று போட்டுவிட்டுக் கடந்து போங்கள், குற்றமில்லை. பெயர் போட்டால் அதன் குணமும் வரவேண்டும். திராகுனோவ் 1963இல் சோவியத் இராணுவம் ஏற்றுக்கொண்டது. பத்துச் சன்னங்கள் கொள்ளும். சுட்ட சன்னத்தின் வெற்றுக் கோதைத் தானே வெளியே எறியும். அதை வைத்திருப்பவன் ஒவ்வொரு வெடிக்கும் பூட்டை இழுத்துத் தள்ளுவதாக எழுதினால் பிழை. பிரித்தானியரின் எல்115ஏ3 றைபிள் போன்றவற்றில்தான் அந்தக் கைவேலை உண்டு. ஏகே-47ஐக் கொடுத்து இரண்டு கிலோமீற்றர் சுடவைத்த தம்பியிடம் நான் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தொலைநோக்கியையும் கணக்கில் வையுங்கள். திராகுனோவுக்கு வழமையாகப் பூட்டுவது நான்கு மடங்கு பெருக்குவது. அதாவது ஒரு கிலோமீற்றரில் நிற்பவன் 250 மீற்றரில் நிற்பதுபோலத் தெரிவான். 250 மீற்றரில் ஒருவருடைய கண்ணிமை தெரியுமா? உங்கள் ஒழுங்கையின் தொங்கலில் தம்பியை நிறுத்திப் பாருங்கள். கண்ணீர்த்துளி கண்டு சுடாமல் விட்டான் என்ற உருக்கமெல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

காற்று இல்லாத சினைப்பர் கதை உப்பில்லாத கூழ். இதில் நமக்கு ஒரு வசதி: காற்றுக்குப் பெயர் வைத்த ஊர் இது. ‘தென்மேற்குக் காற்று’ என்று வானிலை அறிக்கை வாசிக்காமல் சோளகம் என்று எழுதுங்கள். மாரி என்றால் வாடை. பனையோலை ஒருபக்கம் சரிய, நடுவில் புகை நேரே எழ, அப்பால் கொடியில் காயும் சேலை மறுபக்கம் பறக்கும். வழி நெடுக ஒரே காற்று வீசுவதில்லை என்பதை இந்த மூன்று பொருளால் சொல்லிவிடலாம்.

சாதனைத் தூரங்களைக் கதைக்குள் இழுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆப்கானிஸ்தானில் 2009 நவம்பரில் பிரித்தானியச் சினைப்பர் கிரேக் ஹரிசன் 2,475 மீற்றரில் சுட்டார். தூரம் பிடிக்கவே ஒன்பது வெடிகள் தேவைப்பட்டன, பக்கத்தில் பார்த்துச் சொல்ல இன்னொருவரும் இருந்தார். 2017இல் ஈராக்கில் கனடியர் ஒருவர் 3,540 மீற்றரில் சுட்டதாக அறிவிக்கப்பட்டது. சன்னம் போய்ச் சேரப் பத்து வினாடிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு தூரத்தில் சன்னம் களைத்து ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். நான் மேலே சொன்ன முக்கால் வினாடிக் கணக்கும் குலைந்து, ஓசை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிடும். பத்து வினாடியில் ஒரு மனிதன் பிளேன்ரீயை உறிஞ்சிவிட்டு எழுந்து நடந்துவிடலாம். அந்தத் தூரத்தில் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்துதான் சுடுகிறது.

சொல்லைப் பற்றி ஒன்று: இங்கே ‘குண்டு’ என்றால் விமானம் போட்டது நினைவுக்கு வரும். றைபிளுக்குச் சன்னம் என்றே எழுதுங்கள். சினைப்பர் என்ற பெயரோ உள்ளான் குருவியில் இருந்து வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் ‘சினைப்’. வளைந்து வளைந்து பறக்கும் அதைச் சுட்டு வீழ்த்துவதை 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள்.

போன மாதம் ஒரு பிள்ளை தன் கதையை மூன்றாம் முறை திருத்திக் கொண்டுவந்தாள். முதலில் கோப்பை விழுந்தது. நாய் எழுந்தது. அதற்குப் பிறகுதான் தூரத்தில் ‘தொம்’.

‘நாய் ஏன் பிள்ளை எழுந்தது?’ என்று கேட்டேன். சன்னத்தின் சடக்கோசைக்கு என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

‘கோப்பை உடைந்ததற்கு, சேர். அதற்கு வேறென்ன தெரியும்?’ என்றாள்.