அப்பா 'கடிகாரம்' என்றால் கண்ணாடி

ஸ்ட்ரோக் வந்து இரண்டு வாரம் இருக்கும். அப்பா என்னைப் பார்த்து "கடிகாரம்" என்றார். சுவரைக் காட்டினேன், இல்லையென்று தலையை ஆட்டினார். கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து நீட்டினேன், கோபத்தில் கட்டிலைத் தட்டினார். வலது கைதான் வராதே, இடது கையால் மூக்கின்மேல் தொட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டது மூக்குக் கண்ணாடி.

சொல் கைநழுவிப் போகும் இந்தப் பேச்சுக் கோளாறுக்கு அஃபேசியா என்று பெயர். இப்படித்தான் இருக்கும். மூளையில் மொழியைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, பெரும்பாலானோருக்கு இடது பாதியில் இருப்பது, அடிபட்டால் வருகிறது. ஸ்ட்ரோக்தான் முக்கியக் காரணம். தலைக்காயத்தாலும் கட்டியாலும்கூட வரலாம். கண்ணாடி எது, எதற்கு என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். சொல்லை எடுக்கப்போன கை பக்கத்து அலமாரிக்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான். நாக்குக் குழறல் வேறு. அது தசைக் கோளாறு, அது உள்ளவர்களால் பொதுவாக எழுதிக் காட்ட முடியும். அஃபேசியாவில் எழுத்தும் வாசிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே அடிவாங்கும். இது தெரியாமல் முதல் நாள் நான் நோட்டையும் பேனாவையும் நீட்டினேன். அப்பா பேனாவைத் தூக்கி எறிந்தார்.

முதலில் இது எந்த வகை அஃபேசியா என்று ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1861இல் ப்ரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நோயாளிக்கு, என்ன கேட்டாலும் வாயில் வந்தது 'டான்' மட்டுமே. ஆனால் பிறர் பேசுவது பெருமளவு புரிந்தது. 1874இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது கிட்டத்தட்ட நேர்மாறு: பேச்சு சரளமாகக் கொட்டும், பொருள் இருக்காது, பேசுகிறவருக்கே அது தெரியாமலும் இருக்கும். அவர்களை வார்த்தைக்கு வார்த்தை திருத்துவது வீண். முகத்தையும் கையையும் பாருங்கள். அப்பா முதல் வகை.

பேசும்முன் டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். கத்த வேண்டாம், காது நன்றாகத்தான் கேட்கிறது. குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சவும் வேண்டாம். "என்ன வேணும்?" என்பதைவிட இரண்டு சட்டையைக் கையில் பிடித்து "இதுவா, அதுவா?" என்பது எளிது. அப்புறம், காத்திருங்கள். நான் மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். அதற்கும் வராவிட்டால்தான் "நான் சொல்லட்டுமா?" என்று கேட்பேன்.

ஆமா, இல்லை இரண்டையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். "வலிக்குதா?" என்றால் ஆமா. "அப்போ நல்லா இருக்கா?" என்றாலும் ஆமா! இப்போது ஓர் அட்டையில் டிக்கும் பெருக்கல் குறியும் வரைந்து வைத்திருக்கிறேன், விரலை வைத்துக் காட்டுகிறார். முக்கியமான விஷயம் என்றால் கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேட்பேன்.

ஒரு வினோதம். எத்தனை தலையணை என்றால் 'நாலு' வராது. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போய் நாலில் நின்று நிமிர்ந்து பார்ப்பார். எண்வரிசை, கிழமைகள், பழகிய பாட்டு, கெட்ட வார்த்தை எல்லாம் பழக்கத்தில் தானாக வருபவை, பலருக்கு இவை அடிபடாமல் தப்பிவிடும். அப்பா ஒருநாள் தெளிவாகத் திட்டியதைக் கேட்ட உறவினர் ஒருவர், "பேச வருதே, வேணும்னேதான் அடம் பிடிக்கிறார்" என்றார். அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆனால் வருடக்கணக்கில் தொடரலாம். களைப்பு இருந்தால் உள்ள சொல்லும் போய்விடும், அதனால் எங்கள் வீட்டில் பயிற்சி காலையில்தான். ஒன்றை மறக்க வேண்டாம்: யாருக்காவது பேச்சு திடீரென்று குழம்பினால் அது ஸ்ட்ரோக்காக இருக்கலாம், மணியைக் குறித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

நேற்றும் அப்பா "கடிகாரம்" என்றார். கேட்கக்கூட இல்லை, பெருமையாகக் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டுச் சுவரைக் காட்டினார். முள் நின்றுபோயிருந்தது.