நாற்பதை நெருங்கும் வயதில் டிஓ: எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்காவில் ஐடி வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர் முப்பத்தெட்டு வயதில் "டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், முதல் கேள்வி "இந்த வயசுலயா?" என்பதுதான். அங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்டி இல்லை, ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டிஓ என்று விளக்கினால் அடுத்தது வரும்: "ஆஸ்டியோபதியா? நம்ம புத்தூர் கட்டு மாதிரியா?"

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். 1892இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியிலிருந்து வருகிற மரபு இது. எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்வதில் ஆரம்பித்தாலும், இன்று அமெரிக்க டிஓ முழு மருத்துவர். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். சுமார் 200 மணி நேரக் கைச்சிகிச்சைப் பயிற்சி கூடுதல். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 'ஆஸ்டியோபத்' என்றால் டாக்டர் அல்ல, கைச்சிகிச்சையாளர். இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும், அதனால்தான் இத்தனை குழப்பம்.

"எம்டி கிடைக்காவிட்டால் டிஓ" என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் நேர்முகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். "ஏன் டிஓ?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஒரு டிஓ மருத்துவரின் கிளினிக்கில் சில நாட்களாவது கூட நின்று பார்க்காதவருக்கு அதற்கு நல்ல பதில் இருக்காது. சில கல்லூரிகள் டிஓ ஒருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதமும் எதிர்பார்க்கின்றன. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கைச்சிகிச்சை வகுப்பில் மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர்தான் பழக வேண்டும். அரைக்கால் சட்டையோடு மேசையில் குப்புறப் படுத்திருக்க, இருபத்திரண்டு வயதுப் பையன் உங்கள் முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவான். அப்புறம் நீங்கள் அவனுக்கு. கூச்சம் இரண்டு வாரத்தில் போய்விடும் என்கிறார்கள்.

சரி, வயதுக்கு வருவோம். மருத்துவக் கல்லூரிக்கு வயது உச்சவரம்பு கிடையாது. மத்திய அரசு நிதி பெறும் கல்வித் திட்டங்களில் வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1975ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. "எனக்கு வயசாயிடுச்சா?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. கேட்க வேண்டியது, எந்த வருடம் யார் எங்கே இருப்பார்கள் என்பதை.

தோழி ஒருவர் இந்தியக் கடையில் இலவசமாகக் கொடுத்த காலண்டரின் பின்பக்கத்தில் மூன்று பத்தி கோடு போட்டார். வருடம், தன் வயது, மகளின் வயது. மருத்துவக் கல்லூரியில் சேரத் தேவையான உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை மாலை வகுப்பில் முடிக்க இரண்டு வருடம். எம்கேட் என்ற நுழைவுத் தேர்வும் விண்ணப்பமும் ஒரு வருடம். கல்லூரி நான்கு. குடும்ப மருத்துவம் என்றால் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி) மூன்று. பொது அறுவை சிகிச்சை என்றால் ஐந்து. மூன்றே என்று வைத்தாலும் 38 வயது 48 ஆகிறது, எட்டு வயது மகளுக்குப் பதினெட்டு. அவள் கல்லூரிக்குப் போகும் ஆண்டில்தான் அம்மாவுக்கு முதல் முழுச் சம்பளம். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் கணவர் முதல்முறையாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தாராம்.

நான்காவதாக ஒரு பத்தி போட அவர் மறந்துவிட்டார்: ஊர். பல டிஓ கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. முதல் இரண்டு வருடம் வளாகத்தில். மூன்றாம் நான்காம் ஆண்டுப் பயிற்சி, தொடர்பில் உள்ள மருத்துவமனைகளில். அது வேறு ஊராக இருக்கலாம், வேறு மாநிலமாகவும் இருக்கலாம். அதன் பிறகு ரெசிடென்சிக்கு 'மேட்ச்'. நீங்கள் வரிசைப்படுத்திக் கொடுத்த பட்டியலை வைத்து மார்ச் மாதம் கணினி ஓர் இடத்தைச் சொல்லும், அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரர் இரண்டு சூட்கேஸோடு கிளம்பிவிடுவார். வீட்டுக்கடன், குழந்தையின் பள்ளி, ஆறு மாதம் வந்து தங்கும் மாமனார் மாமியார் என்று இருப்பவருக்கு அது எளிதில்லை. போதாததற்கு ரெசிடென்சியில் வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே மூன்றாம் ஆண்டு எங்கே அனுப்புவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழைய மதிப்பெண் விஷயத்தில் பழைய ஆலோசனையை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. ஒரு பாடத்தைத் திரும்ப எழுதினால் பழைய கிரேடு கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்ற சலுகை டிஓ விண்ணப்பத்தில் இருந்தது உண்மைதான். அது 2017இலேயே போய்விட்டது. இப்போது இரண்டு முயற்சியும் சேர்த்துத்தான் சராசரி. தமிழ்நாட்டில் பிஇ முடித்தவர்களுக்கு வேறு சிக்கல்: பெரும்பாலான கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்கின்றன. முதல் வருட இயற்பியலில் எடுத்த தொண்ணூறு இங்கே செல்லாது. எம்கேட்டையும் அவசரப்பட்டு எழுதாதீர்கள்; பல கல்லூரிகள் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்பதில்லை.

பணம். தனியார் டிஓ கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் மட்டுமே 60,000 டாலரை ஒட்டி வரும். முன்பெல்லாம் மீதிச் செலவு முழுவதற்கும் 'கிராட் பிளஸ்' அரசுக் கடன் கிடைத்தது. 2025இல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான். மிச்சம் சேமிப்பிலிருந்தோ தனியார் கடனிலிருந்தோ வர வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவருக்கு அரசுக் கடனே கிடைக்காது, கிரீன் கார்டாவது வேண்டும். டெக்சஸ்வாசிகள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். ஃபோர்ட் வொர்த்தில் உள்ள அரசு டிஓ கல்லூரியில் மாநிலத்தவருக்குக் கட்டணம் மிகவும் குறைவு. ஆனால் அதற்கு டெக்சஸின் தனி விண்ணப்பத்தில் போட வேண்டும். டிஓ கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் தேடி, இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிஓ மாணவர்களுக்குக் கட்டாயமான மருத்துவ உரிமத் தேர்வு காம்லெக்ஸ். 2020இலேயே எம்டி, டிஓ ரெசிடென்சிகள் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டதால், தோல் மருத்துவம், எலும்பு அறுவை சிகிச்சை மாதிரிப் போட்டி மிகுந்த துறைகளை நினைப்பவர்கள் எம்டிக்காரர்களின் உரிமத் தேர்வான யூஎஸ்எம்எல்இயையும் சேர்த்தே எழுதுகிறார்கள். இரண்டுக்கும் முதல் கட்டம் 2022 முதல் வெறும் பாஸ், ஃபெயில் என்பதால் இரண்டாம் கட்ட மதிப்பெண்தான் கண்ணில் படும்.

கடைசியாக, தேதி. டிஓ பொது விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். வர வர இடம் நிரப்பிக்கொண்டே போவார்கள், கடைசித் தேதிவரை காத்திருக்க மாட்டார்கள். ஆபீஸில் டெட்லைன் அன்று இரவு புரோகிராமை அனுப்பிப் பழகியவர்கள் ஜனவரியில் விண்ணப்பித்துவிட்டு, ஏன் அழைப்பே வரவில்லை என்று கேட்கிறார்கள்.