கூரைகளை எண்ணுங்கள்: அரசு நிலத்துக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மாதம் ஒரு தம்பி அழைத்தார். பினாங்கில் ஓர் அரசுத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர். "அண்ணே, ஒரு சாவிக்கொத்தைக் கையில குடுத்து, அந்த வனப்பூங்காவில இருக்கிற கட்டடமெல்லாம் இனிமே உன் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. நாற்பது சாவி இருக்கு. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்றார்.

எனக்கும் முதல் நாள் கிடைத்தது ஒரு சாவிக்கொத்துதான். அதற்கப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையில் ஓடிவிட்டது. தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வனப்பூங்கா, தாவரவியல் பூங்கா, கடற்கரைப் பொழுதுபோக்கிடம் எதுவானாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். இந்தத் துறைகளில் இருப்பவர்கள் காட்டையும் செடியையும் படித்து வந்தவர்கள். கழிவறைக் குழாயைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் கட்டடங்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளைபோல ஓரமாக நிற்கும்.

படி 1: சாவியோடு நடங்கள்

கோப்பைத் திறக்காதீர்கள். முதலில் நடங்கள். கூரை என்று எது இருந்தாலும் அதை எண்ணுங்கள். டிக்கெட் கவுண்டர், சூராவ் என்ற சிறு தொழுகை இடம், கழிவறை, ஸ்டோர், பணியாளர் குடியிருப்பு, வகாஃப் என்று நாம் சொல்லும் ஓய்வுக் குடில், பம்ப் அறை, காவலாளி தானாகவே தகரம் போட்டுக் கட்டிக்கொண்ட சாய்ப்பு, எல்லாமே கணக்கில் வரும். கோப்பில் ஆறு என்று இருக்கும். நடந்து பார்த்தால் ஒன்பது இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துச் சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். பெயரை மட்டும் நம்பினால் குழப்பம்தான். ஒரே கட்டடத்தை அலுவலகத்தில் பழைய ஹால் என்பார்கள், தோட்டக்காரர் மேல் ஸ்டோர் என்பார், ரசீதில் வேறொரு பெயர் இருக்கும். பிறகு ஓர் எக்செல் தாளில் இவற்றைக் குறியுங்கள்: நான்கு பக்கப் புகைப்படம், ஜிபிஎஸ் புள்ளி, நீள அகலம், கூரை வகை, கட்டிய ஆண்டு, தண்ணீர் மீட்டர் எண், மின்சார மீட்டர் எண், செப்டிக் தொட்டி எங்கே இருக்கிறது, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு. கட்டிய ஆண்டு தெரியவில்லையா? திறப்பு விழாக் கல்வெட்டைத் தேடுங்கள். அமைச்சர் திறந்து வைத்த கட்டடமென்றால் தேதி நிச்சயம் இருக்கும்.

மத்திய அரசுத் துறைகளுக்கு இதற்கென்றே 2009இல் அரசாங்கச் சொத்து நிர்வாகக் கொள்கை ஒன்று வந்தது. அசையாச் சொத்துகளைப் பதிய மைஸ்பாத்தா என்ற இணைய அமைப்பும் இருக்கிறது. உங்கள் துறை அதில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உங்கள் கையிலும் ஒரு தாள் இருக்கட்டும். மழை நேரத்தில் குழாய் வெடித்தால் யாரும் இணையத்தில் நுழைந்து வால்வு எங்கே என்று தேட மாட்டார்கள்.

படி 2: நிலம் யாருடையது?

இதைப் பலரும் கேட்பதே இல்லை. அரசு நிலம்தானே என்று விட்டுவிடுவார்கள். மலேசியாவில் நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பது. ஓரிடம் தேசிய நிலச் சட்டம் 1965இன் 62ஆம் பிரிவின்படி பொதுக் காரியத்துக்கு ஒதுக்கப்பட்டதாக இருக்கலாம். தேசிய வனவியல் சட்டம் 1984இன்படி வன ஒதுக்ககமாக இருக்கலாம். மத்திய நில ஆணையர் பெயரில் பட்டா இருக்கலாம். எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் அங்கே என்ன கட்டலாம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். தீவின் மேற்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டோரின் கூரையை மாற்றப் பணம் கேட்டேன். அளந்து பார்த்தபோது ஸ்டோரின் பாதி பக்கத்து டுரியான் தோட்டத்துக்குள் நின்றது. அதுவரை எல்லைக் கல்லை யாரும் தேடிப் பார்த்ததில்லை. புல்லுக்குள் புதைந்து கிடந்தது. தோட்டக்காரர் நல்ல மனிதர், சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஆடிட் விடுமா? பிறர் நிலத்தில் இருக்கும் கூரைக்கு அரசுப் பணத்தைச் செலவிட முடியாது என்று கோப்பு மூன்று ஆண்டுகள் நகரவில்லை. அதற்குள் கூரையே விழுந்துவிட்டது.

ஆகவே நில அலுவலகத்தில் வரைபடத்தின் நகலை வாங்கி, எல்லைக் கல்லைக் கண்ணால் பாருங்கள். பினாங்கில் இன்னொன்றும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு மேல் இருந்தாலோ, சரிவு 25 டிகிரியைத் தாண்டினாலோ அது மலைநிலம் என்று கருதப்படும். அங்கே புதிதாக ஒரு வகாஃப் போடலாமே என்று கூட்டத்தில் கையைத் தூக்குவதற்கு முன்னால் உயரத்தைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: மதிப்பெண் போடுங்கள்

கட்டடத்தின் நிலையைச் சுமார், பரவாயில்லை, மோசம் என்று எழுதினால் பணம் வராது. எண் வேண்டும். மலேசியக் கட்டட அளவையாளர் வட்டாரத்தில் புழங்கும் சிஎஸ்பி1 என்ற கட்டட நிலை ஆய்வு முறை புதியவர்களுக்கு எளிது. ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு எண்கள். நிலைக்கு 1 முதல் 5 வரை: 1 என்றால் நன்று, 5 என்றால் பாழ். அவசரத்துக்கு 1 முதல் 4 வரை: 1 என்றால் சாதாரணம், 4 என்றால் உடனே கவனிக்க வேண்டியது. இரண்டையும் பெருக்குங்கள். 1 முதல் 4 வரை வந்தால் பச்சை, வழக்கமான பராமரிப்பில் பார்த்துக்கொள்ளலாம். 5 முதல் 12 வரை மஞ்சள், கண்காணிக்க வேண்டும். 13 முதல் 20 வரை சிவப்பு.

ஒரு கழிவறையை எடுத்துக்கொள்வோம். குழாய்க்குப் பக்கத்தில் மூடி இல்லாத மின்பெட்டி: நிலை 4, அவசரம் 4, மொத்தம் 16. பெயிண்ட் உரிந்திருக்கிறது: 2. கதவுத் தாழ்ப்பாள் தளர்ந்திருக்கிறது: 2. கண்ணாடியில் விரிசல்: 2. தரை ஓட்டில் கறை: 1. பெயர்ப்பலகை மங்கல்: 1. ஆக ஆறு பழுதுகள், மொத்தம் 24. கட்டடத்துக்கான மதிப்பு என்று சராசரி எடுத்தால் 4. பச்சை! தாளில் கட்டடம் நன்றாக இருக்கிறது. உள்ளே ஈரக் கையோடு நிற்கும் குழந்தைக்கு எட்டும் தூரத்தில் மின்கம்பி. அதனால் சராசரியை அறிக்கையின் பின்பக்கத்தில் போடுங்கள், சிவப்புப் பழுதுகளை முதல் பக்கத்தில் போடுங்கள். சின்னச் சின்னப் பழுதுகளை நிறைய எழுதினால் சராசரி அழகாகிவிடும் என்று தெரிந்தே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மின்பெட்டி பற்றி ஒரு வார்த்தை. அதைத் திறந்து பார்ப்பது சான்றிதழ் உள்ள வயர்மேன் வேலை, உங்கள் வேலை இல்லை. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க மட்டும் நீங்கள் போதும். அழுத்தியும் சுவிட்ச் விழவில்லை என்றால் அந்தக் கட்டடத்தைப் பூட்டிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

படி 4: தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

நம் ஊரில் கட்டடங்களைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கரையானும் அதன் பின்னால்தான் வரும். அதனால் இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் மழை பெய்யும் நாளில் போங்கள். குடையோடு நிற்கும் ஒரு மணி நேரத்தில் தெரிவது, வெயிலில் பத்து முறை போனாலும் தெரியாது.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் கூரை. மரங்களுக்கு அடியில் இருக்கும் கூரையில் இலை விழும், கிளை விழும், குரங்கு குதிக்கும். ஓடு நகர்ந்திருந்தால் அது குரங்கின் வேலையாக இருக்கலாம். பழைய நெளி சிமெண்ட் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அதை ரம்பத்தால் அறுப்பதோ, உடைத்து அள்ளுவதோ கூடாது. தூசி நுரையீரலுக்குப் போகும். அதற்கென்று பழகியவர்களைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது மழைநீர்க் காடி, அதாவது கூரை விளிம்பில் தண்ணீரைப் பிடிக்கும் நீள்தொட்டி. என் கருத்தைச் சொல்கிறேன், சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: காட்டுக்குள் இருக்கும் வகாஃபுக்குக் காடியே வேண்டாம். கூரையை நன்றாக வெளியே நீட்டி, தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்பிக் கால்வாய் வெட்டினால் போதும். காடி வைத்தால் இரண்டு வாரத்தில் இலை அடைக்கும், தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். கொசு பெருக இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. காடி ஏற்கெனவே இருக்கிறது, எடுக்க முடியாது என்றால் வாரம் ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதாது. கொசு உங்கள் அட்டவணைக்குக் காத்திருக்காது.

பிறகு தூண்கள். மரத்தூணை நேராக மண்ணில் நட்டிருந்தால் கத்தி முனையால் அடியில் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் போச்சு. செங்கால் மரம்கூட (செங்கல் இல்லை, செங்கால்) ஈர மண்ணில் வருடக்கணக்கில் நின்றால் தளரும். மாற்றும்போது கான்கிரீட் மேடையும் இரும்புப் பாதமும் வைத்துத் தூணைத் தரைக்கு மேலே நிறுத்துங்கள். சுவரில் மண் கோடு ஏறுவது தெரிந்தால் கரையான் வந்துவிட்டது. அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். புகைப்படம் எடுத்துவிட்டுப் பூச்சிக்கொல்லி ஆளை அழையுங்கள்.

கொடிமலையிலும் (பினாங்கு மலை) ஜோர்ஜ்டவுனிலும் இருப்பதுபோன்ற பழைய செங்கல் கட்டடம் உங்கள் பொறுப்பில் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுள்ள சுவர் மூச்சு விடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாக வெளியே போகும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளப்பான பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஒரு வருடத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும், உப்பு வெள்ளையாகப் பூக்கும். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாகத் தரைக்கு அடியில். செப்டிக் தொட்டியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் லோரி வருகிற அளவுக்குப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். லோரி ஏறவே முடியாத இடத்தில் கழிவறை கட்டியிருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

படி 5: கூட்டம் வரும் நாளுக்குத் திட்டமிடுங்கள்

நாளுக்குச் சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கு கூட்டத்துக்கு அழகாக இருக்கும். கழிவறைக்கு அது உதவாது. 1884இல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவையே பாருங்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் கூட்டத்தில் அந்தச் சாலையே தெரியாது. பள்ளி விடுமுறை, பெருநாள் மறுநாள், நீண்ட வார இறுதி என்று உங்கள் இடத்துக்கும் இப்படி நாட்கள் இருக்கும். அந்த நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். நிரந்தரமாகப் பத்து கழிவறை கூடுதலாகக் கட்டுவதைவிட அந்த நான்கைந்து நாட்களுக்கு நடமாடும் கழிவறையை வாடகைக்கு எடுப்பது மலிவு. தண்ணீர்த் தொட்டியை மட்டும் பெரிதாக வையுங்கள். தண்ணீர் இல்லாத கழிவறை, கழிவறையே இல்லாததைவிட மோசம்.

கழிவறைத் தரைக்கு ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிவு இருக்க வேண்டும். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பாருங்கள். வடிகாலை நோக்கி ஓடினால் சரி, மூலையில் நின்றால் பழுதுப் பட்டியலில் சேருங்கள்.

படி 6: பணம்

பராமரிப்புப் பணமும் புதுக் கட்டடப் பணமும் வேறு வேறு பையிலிருந்து வரும். முன்னது நிர்வாகச் செலவு, பின்னது மேம்பாட்டுச் செலவு. மேம்பாட்டுப் பணம் கிடைத்துக் கட்டடம் எழும்பிவிடும். அதைக் கூட்டிப் பெருக்க நிர்வாகச் செலவில் ஒரு காசும் கூடியிருக்காது. இதனால்தான் யாராவது புதுக் கட்டடம் கேட்டால் நான் மூன்றே கேள்விகள் கேட்பேன். யார் கூட்டுவார்கள்? பில் யார் பெயரில் வரும்? சாவி யாரிடம் இருக்கும்? மூன்றுக்கும் ஆள் பெயரோடு பதில் இல்லையென்றால், இருப்பதைப் பழுது பார்க்கலாம் என்று எழுதிவிடுவேன். இதனால் எனக்கு நிறைய நண்பர்கள் கிடைக்கவில்லை.

புதுக் கட்டடம் வந்துவிட்டால் ஒரு தேதியை மறக்காதீர்கள். கொன்ட்ராக்டர் தன் செலவில் பழுது சரிசெய்ய வேண்டிய காலம் பொதுவாக 12 அல்லது 24 மாதம். அது முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே படி 3ஐயும் படி 4ஐயும் மறுபடி செய்து பட்டியலை அனுப்பிவிடுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் பிறகு செலவு உங்கள் துறைக்குத்தான்.

படி 7: நாட்காட்டி

பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை கனக்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் கால்வாய், மதகு, சரிவுச் சுவரின் வடிகுழாய் எல்லாவற்றையும் ஆகஸ்டில் சுத்தம் செய்யுங்கள். கூரை வேலையை வறண்ட ஜனவரி, பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அப்போதுதான் வரும் என்பதால் கொன்ட்ராக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆண்டு முடிவில் பணம் மிச்சமிருக்கிறது என்று டிசம்பர் மழையில் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து தொடராதீர்கள்.

அந்தத் தம்பி நேற்று மறுபடி அழைத்தார். ஒன்பது இல்லையாம், பதினோரு கூரையாம். முப்பத்தைந்து சாவிக்குக் கதவு கிடைத்துவிட்டது. மீதி ஐந்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், மேட்டுக்குப் பின்னால் பழைய பம்ப் அறை ஏதாவது இருக்கும், நீர்க்குழாய் போகும் வழியிலேயே நடந்து பார் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போகிறாராம்.