லொக் நட் சாவி துலைஞ்சா பதறாம என்ன செய்யலாம்

போன மாரியில அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலையில இருந்து வெளிக்கிட்டு, கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு றோட்டில போகேக்குள்ள பின் ரயர்ல ஆணி ஏறிட்டுது. பொழுது படுற நேரம், யானை இறங்குற இடம். டிக்கியில ஸ்பெயார் வீல் கிடக்கு, ஜக் கிடக்கு, வீல் ஸ்பேனரும் கிடக்கு, நாலு நட்டைத் தளர்த்திப் போட்டு அஞ்சாவதுக்கு வந்தா அது ஆறு மூலை நட் இல்லை, உருண்டையா, முகத்தில பூ மாதிரி நெளிஞ்ச காடி வெட்டின, வீலை ஆரும் களவெடுக்காம இருக்கப் போடுற லொக் நட். அதுக்கு எண்டு ஒரு சின்ன சாவி இருக்கு, அதைக் காணேல்ல. கடைசியில தளர்த்தின நட்டுகளைத் திருப்பி இறுக்கிப்போட்டு, அந்த வழியால வந்த லொறிக்கார அண்ணை வச்சிருந்த 12 வோல்ட் பம்பால காத்தடிச்சு அடிச்சுக் கந்தளாய்க்கு உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தம். அம்மா வாய்க்குள்ள கோணேசரைக் கூப்பிட்டபடி இருந்ததை நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு பாரமாக் கிடக்கும். அதாலதான் இதை விலாவாரியா எழுதுறன்.

முதல்ல தேடுங்கோ, ஆனா சரியான இடத்தில தேடுங்கோ. சாவி எண்டதும் வீட்டுச் சாவி மாதிரி ஒண்டைத் தேடாதேங்கோ, அது பெருவிரல் அளவு இரும்புத் துண்டு, ஒரு பக்கம் காடி, மற்றப் பக்கம் ஸ்பேனர் பிடிக்கிற ஆறு மூலை. ஸ்பெயார் வீலுக்கு நடுவில, ஜக் வைக்கிற ஸ்பொஞ்சுக் குழிக்குள்ள, டாஷ்போர்ட் பெட்டிக்குள்ள, சீற்றுக்குக் கீழ, கதவுப் பொக்கற்றுக்குள்ள, வீல் ஸ்பேனரின்ர வாய்க்குள்ள கூட இறுகிக் கிடக்கலாம். இதெல்லாம் பார்த்தும் இல்லையெண்டா, கடைசியா ரயர் மாத்தின கடைக்கு உடன போங்கோ. பெரும்பாலும் அங்கதான் விடுபடும், ஏனெண்டா வேலை முடிஞ்சாப் பிறகு சாவி அவை நட் கழட்டப் பாவிக்கிற காத்துத் துவக்கு முனையிலயே நிண்டுபோகும், அடுத்த கார் வரேக்குள்ள கழட்டி ஒரு டப்பாவுக்குள்ள போட்டுவிடுவினம். என்ர சாவியும் அப்பிடித்தான் போயிருக்கு, நான் ரெண்டு மாசம் கழிச்சுப் போய்க் கேட்டதால கிடைக்கேல்ல.

இன்னொரு காரணமும் இருக்கு. 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 வரைக்கும் வராம இருந்த காலத்தில ஜப்பான் ரீகண்டிஷன் காருகள் இங்க கை மாறி மாறி ஓடினது, ஒவ்வொரு கை மாறேக்குள்ளயும் இப்பிடியான சின்னச் சாமான்தான் முதல்ல காணாமப் போறது. பழைய கார் வாங்குற ஆக்கள் விலை பேசுறதுக்கு முன்னமே லொக் நட் சாவி எங்க எண்டு கேளுங்கோ.

தேடியும் இல்லையெண்டா, காரோட வந்த புத்தகத்துக்குள்ள சாவியின்ர கோட் நம்பர் போட்ட சின்ன அட்டை இருக்கா எண்டு பாருங்கோ. அந்த கோட் இருந்தா அதே சாவியைத் திருப்பி எடுக்கலாம். அட்டை இல்லையெண்டா நட்டின்ர முகத்தைத் துணியால நல்லாத் துடைச்சு, வெளிச்சத்தில நேரா ஒரு படம் எடுத்து கொழும்பில இருக்கிற கார்க் கொம்பனி ஏஜெண்டுக்கு வாட்ஸப்ல அனுப்பிக் கேளுங்கோ. கொழும்பு இங்க திருகோணமலையில இருந்து கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர், அதால கேட்டு உறுதி பண்ணாம வெளிக்கிட வேண்டாம்.

றோட்டில நிக்கிறவைக்கு ஒரு விசயம். ரியூப்லெஸ் ரயர்ல ஆணி நிலத்தில படுற பக்கத்தில குத்தியிருந்தா வீலைக் கழட்டவே தேவையில்லை. ஆணி மேல வாற மாதிரி காரைக் கொஞ்சம் உருட்டி நிப்பாட்டி, வீல் காரிலயே இருக்கத்தக்கதா பிளக் (ஓட்டையை அடைக்கிற ரப்பர்த் திரி) குத்தலாம், இது தெரியாமத்தான் நான் அண்டைக்கு அவ்வளவு பாடுபட்டன். ரயரின்ர பக்கச்சுவரில குத்தியிருந்தாலோ கிழிஞ்சிருந்தாலோ இது சரிவராது.

இனி சாவி இல்லாமக் கழட்டுறது. கார் நிலத்தில நிக்கேக்குள்ளயே செய்யுங்கோ, ஹாண்ட் பிரேக் இழுத்து, மற்றச் சில்லுக்குக் கல்லு வச்சு, ஜக்கில தூக்காம. மற்ற நட்டுகளை முதல்ல கழட்டாதேங்கோ, கழட்டினா முழுப் பாரமும் லொக் நட்டில விழுந்து அது இன்னும் இறுகும். மாறி, மற்றதுகளைக் கொஞ்சம் இறுக்கிவிட்டா லொக் நட்டின்ர பிடி கொஞ்சம் இளகும். பிறகு நட்டின்ர வெளி விட்டத்தை வேர்ணியரால அளந்து, அதைவிட ஒரு துளி சின்னதா, 12 மூலை உள்ள, கம்பி பூட்டுற ஓட்டை அரை இஞ்சியா இருக்கிற சொக்கெற் ஒண்டு எடுங்கோ. பழசாப் பார்த்து எடுங்கோ, அது திரும்பப் பாவிக்க ஏலாமப் போகலாம். அதைச் சுத்தியலால நேரா அடிச்சு நட்டுக்கு மேல ஏத்தி, நீட்டுக் கம்பியோட ஒரே சீரா இடஞ்சுழியாத் திருப்புங்கோ, வெட்டி வெட்டி இழுக்க வேண்டாம். கழண்டாப் பிறகு சொக்கெற்றின்ர பின் ஓட்டையால ஒரு போல்ற்றை விட்டு அடிச்சா நட் வெளியில வரும். உள்ளுக்கு முறுக்குப் பல்லு வெட்டின எக்ஸ்ட்ராக்டர் சொக்கெற் கிடைச்சா இன்னும் சுகம், திருப்பத் திருப்ப அது கடிச்சுக்கொண்டு போகும்.

சில லொக் நட்டில வெளி வளையம் தனியாச் சுத்தும், அதில சொக்கெற் பிடிக்காது. அதுக்கு வெல்டிங் பாஸ் ஒராளைக் கூப்பிட்டு பழைய நட் ஒண்டை முகத்தில ஒட்டித்தான் திருப்ப வேணும். அப்ப பற்றறியின்ர மைனஸைக் கழட்டச் சொல்லுங்கோ, எர்த் கிளிப்பை அந்தச் சில்லுக்குக் கிட்டவே பிடிக்கச் சொல்லுங்கோ, அலோய் வீலுக்கு நனைஞ்ச துணி சுத்தச் சொல்லுங்கோ. ஹைபிரிட் காரெண்டா அந்த வேலை தெரிஞ்ச ஆளைத் தவிர வேற ஆரையும் கிட்ட விடாதேங்கோ. சிலர் உளியை வச்சு அடிப்பம் எண்டுவினம், தயவுசெய்து விடாதேங்கோ, அலோய் வீல் அடிபட்டுக் கீறுப்பட்டா வெடிப்பு வரலாம். காத்துத் துவக்கையும் விடாதேங்கோ. இருக்கிற நல்ல சாவியையே அது உடைச்சுப்போடும், உடைஞ்ச துண்டு காடிக்குள்ள இறுகினா வேலை ரெட்டிப்பு.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரைக் காத்தில நிக்கிற காருகள்ல நட் துருவேறிப் பிடிச்சிருக்கும். எண்ணெய் அடிச்சா இளகும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா மூடின நட்டுக்குள்ள எண்ணெய் போகாது, அது வழிஞ்சு பிரேக் டிஸ்க்கில பட்டா வேற ஆபத்து.

கழட்டினாப் பிறகு நாலு சில்லிலயும் இருக்கிற லொக் நட்டையும் ஒரேயடியா மாத்திப் போடுங்கோ, ஒண்டைக் கழட்டினமே எண்டு மிச்சத்தை விட்டா அடுத்த ஆணி மற்றச் சில்லிலதான் ஏறும். புது நட் வாங்கேக்குள்ள கவனம். டொயோட்டா, ஹொண்டாவின்ர கனக்கக் காருகளுக்கு 12 மில்லிமீற்றர் தடிப்பில 1.5 புரி, சுசுக்கி, நிசான் கூடுதலா 1.25 புரி. மாறிப் போட்டா ரெண்டு சுத்து ஏறி இறுகி, நட் ஏறுற ஸ்டட் கம்பியின்ர புரியைத் தின்னும், அதால எப்பவும் கையால தொடங்கி ஏத்துங்கோ. அதோட நட் குந்துற இடமும் ஒண்டில்லை, ஹொண்டாவின்ர சொந்த வீலுக்கு அடி பந்து மாதிரி உருண்டை, வேற கனக்க வீலுக்குக் கூம்பு. பொருந்தாத நட் இறுகின மாதிரி இருந்து ஓட ஓட இளகும். நட்சத்திரம் கீறுற மாதிரி எதிரெதிர் நட்டா மாறி மாறி இறுக்கி, இறுக்குற பலத்தை அளக்கிற டொர்க் ஸ்பேனரால கனக்க டொயோட்டாவுக்கு 103, ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீற்றர் பிடிச்சு, 50, 100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்பவும் ஒருக்காப் பாருங்கோ.

நான் இப்ப நாலு சில்லுக்கும் சாதாரண நட்தான் போட்டிருக்கிறன். லொக் நட் வேணும் எண்டு நினைக்கிறவை சாவிக்குச் சிவப்புத் துணி கட்டி, ஸ்பெயார் வீலுக்குள்ள ஜக்கோட சேர்த்துக் கட்டிவையுங்கோ, கோட் நம்பரைப் போன்ல படமா எடுத்து வையுங்கோ, ரயர்க்கடையில இருந்து காரை எடுக்க முதல் அந்தத் துணி கிடக்கா எண்டு டிக்கியைத் திறந்து பார்த்திட்டு வெளிக்கிடுங்கோ.