கேம்ப்கிரவுண்ட் உறுப்பினர் அட்டை: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் ஆர்.வி. (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருப்போரிடம் விற்கப்படும் கேம்ப்கிரவுண்ட் (வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்) உறுப்பினர் திட்டங்களில் 'பாதி விலை' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். எந்தெந்த இரவுகளுக்கு அது செல்லும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். போட்ட பணம் தேறுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பொடி எழுத்துதான்.

முதலில் போன வருடம் வெளியே தங்கிய இரவுகளை எழுதுங்கள்: எந்த ஊர், என்ன கிழமை, கொடுத்த தொகை எவ்வளவு. மாநிலப் பூங்கா, தேசியக் காடு, உறவினர் வீட்டு வாசல் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அங்கெல்லாம் இந்த அட்டைகள் பொதுவாகச் செல்லாது. மிஞ்சும் தனியார் முகாம் இரவுகளை வைத்தே கணக்குப் போட வேண்டும். வருடச் சந்தாவை ஓர் இரவில் மிச்சமாகும் தொகையால் வகுத்தால், முதல் திரும்ப எத்தனை இரவு தங்க வேண்டும் என்பது கிடைக்கும்.

கே.ஓ.ஏ. என்ற முகாம் சங்கிலி, குட் சாம் என்ற ஆர்.வி. சங்கம் போன்றவற்றின் அட்டைகள் 10 சதவீதம் தள்ளுபடி தருகின்றன. இரவுக்கு 60 டாலர் கேட்கும் இடத்தில் 6 டாலர் மிச்சம். சந்தா 36 டாலர் என்றால் 6 இரவு. பாஸ்போர்ட் அமெரிக்கா என்ற தள்ளுபடி அட்டை 50 சதவீதம் தருவதால், சந்தா 50 டாலர் என்று வைத்தாலும் இரண்டே இரவில் தேறிவிடும். ஆனால் பல முகாம்கள் வெள்ளி, சனி, விடுமுறை நாட்கள், கோடை உச்சம் ஆகியவற்றை விலக்கிவிடுகின்றன. சில ஓரிரு இரவுக்கு மட்டுமே தருகின்றன. வார இறுதியில் மட்டும் கிளம்பும் குடும்பத்துக்கு இதனால் பலன் குறைவு. வாங்குமுன் நீங்கள் போகும் தடத்தில் ஐந்தாறு முகாம்களின் நிபந்தனைகளைத் தேதியோடு படித்துவிடுங்கள்.

சொந்த முகாம்களை நடத்தும் தவுசண்ட் டிரெயில்ஸ் நிறுவனத்தின் அட்டை வேறு வகை. ஒரு மண்டலத்துக்கு வருடத்துக்குச் சில நூறு டாலர் கட்டினால், அங்குள்ள அவர்களது முகாம்களில் இரவுக் கட்டணம் கிடையாது. 700 டாலர் கட்டுவதாக வைத்து, இரவுக்கு 45 டாலர் மிச்சமானால் 16 இரவில் முதல் வந்துவிடும். அடிப்படை அட்டையில் 14 இரவு தங்கினால், அடுத்த 7 இரவு அவர்களது முகாம்களுக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த 7 இரவுக்கு, இரவுக்கு 45 டாலர் வீதம் ஆகும் 315 டாலரைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலு இரவோ அதற்குக் குறைவோ தங்கினால் இடைவெளி இல்லாமல் அடுத்த முகாமுக்குப் போகலாம். ஆனால் அப்படி அடிக்கடி இடம் மாறினால் டீசல் செலவு ஏறும். காலனுக்கு 8 மைல் ஓடும் மோட்டார்ஹோமில் 80 மைல் சுற்றிப் போனால் 10 காலன் போகும், ஓர் இரவின் மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். கோடை வார இறுதிகளுக்கு இடம் சீக்கிரம் நிரம்பும். பணம் கட்டுமுன், உங்களுக்கு வேண்டிய தேதியில் இடம் இருக்கிறதா என்று முகாமுக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

இத்தகைய நிறுவனங்களின் விற்பனை விளக்கக் கூட்டத்தில் பல ஆயிரம் டாலருக்கு விற்கப்படும் நீண்டகால ஒப்பந்தத்தில் அன்றே கையெழுத்துப் போட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. முன்பணம் கட்டிய பிறகும் வருடக் கட்டணம் தொடரும், கூடவும் கூடும். பிறருக்கு மாற்றும்போது சில சலுகைகள் போய்விடலாம். ரத்து செய்யும் அவகாசம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதை ஒப்பந்தத்திலேயே தேடிப் படியுங்கள். ஒரு வருட அட்டையோடு தொடங்கி, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் இவற்றுக்கெல்லாம் முன்பாக, 80 டாலருக்குக் கிடைக்கும், கூட்டாட்சி அரசின் ஆயுட்கால மூத்தோர் அட்டையை வாங்கிவிடலாம். அந்த அரசின் முகாம்கள் பலவற்றில் அதை வைத்திருப்போருக்குப் பாதிக் கட்டணம்தான்.