ஆன்லைனில் வாங்கும்போது சொந்த விவரங்களைக் காப்பது எப்படி? படிப்படியாக

செருப்பு வாங்கப் போன இடத்தில் பிறந்த தேதியை எதற்குக் கேட்கிறார்கள்? ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகினாலே பாதி வேலை முடிந்துவிடும். பொருள் கைக்கு வந்து சேர பெயர், முகவரி, ஒரு போன் நம்பர், பில் வர ஒரு மின்னஞ்சல், இவ்வளவு போதும். நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 1: இணைய முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

மெசேஜில் வரும் லிங்க்கைத் தட்டாமல் முகவரியை நீங்களே டைப் செய்வதுதான் நல்லது. தட்டிவிட்டீர்களா, சரி, மேலே தெரியும் முகவரியில் முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். 'நம்மகடை.காம்/' என்றால் அது நம்மகடைதான். 'நம்மகடை.காம்.பரிசுமழை.நெட்/' என்றிருந்தால் அந்தத் தளம் பரிசுமழைக்காரருடையது, முன்னால் இருக்கும் கடைப்பெயர் உங்களை ஏமாற்ற ஒட்டியது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள், மோசடித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் குரோம் பிரவுசர் 2023-இல் அந்தப் படத்தையே மாற்றிவிட்டது.

படி 2: கணக்கு தொடங்காமல் வாங்குங்கள்

'கெஸ்ட்' என்று ஒரு வழி இருந்தால் அதில் போங்கள். கணக்கு தேவைதான் என்றால் வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள்.

படி 3: மின்னஞ்சலில் அடையாளம் வையுங்கள்

ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்து, 'பெயர்+செருப்பு' என்பதுபோலக் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும் (சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது). செருப்புக்கடைக்கு மட்டும் நான் கொடுத்த அப்படி ஒரு முகவரிக்குக் கடன் விளம்பரம் வந்தபோது, விவரம் எங்கிருந்து போனது என்று உடனே தெரிந்தது. அன்றே அந்தக் கடையில் இருந்த என் கணக்கை நீக்கினேன்.

படி 4: கார்டைச் சேமிக்காதீர்கள்

'கார்டைச் சேமி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிவிவி எண்ணை (பெரும்பாலும் கார்டின் பின்புறம் இருக்கும் மூன்று இலக்க ரகசிய எண்) பணம் செலுத்தி முடிந்தபின் கடை வைத்திருக்கவே கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் விதி. ஆகவே 'சரிபார்க்கிறோம்' என்று சொல்லி யாராவது போனில் சிவிவியோ ஓடிபியோ கேட்டால், பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள்.

படி 5: ஆப்பின் அனுமதிகள்

கான்டாக்ட், மைக் இரண்டும் துணி விற்கும் ஆப்புக்கு வேண்டியதில்லை. போன் செட்டிங்ஸில் போய் மறுத்துவிடுங்கள்.

படி 6: பெட்டியில் ஒட்டிய சீட்டு

இதைத்தான் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். பெட்டியைக் குப்பையில் போடும் முன் அந்தச் சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள்: பெயர், கதவு எண், போன் நம்பர், சிலவற்றில் வாங்கிய பொருள்கூட இருக்கும். பேனாவால் கிறுக்கினால் போதாது, சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். உரித்துத் துண்டு துண்டாகக் கிழியுங்கள், உரிய வரவில்லையென்றால் அட்டையோடு வெட்டி நறுக்குங்கள். நம் பெயரையும் வாங்கிய பொருளையும் சரியாகச் சொல்லி ஒருவர் போனில் பேசினால் கடையிலிருந்துதான் பேசுகிறார் என்று நம்பிவிடுவோம்; அவர் கையில் இருப்பது நாம் போன வாரம் எறிந்த சீட்டாகவும் இருக்கலாம்.